டைமெட்ரோடான் ஊர்வனவா? ‘பாலூட்டி போன்ற ஊர்வன’ என்று இனியும் எழுதலாமா?

கல்மரம்

தொல்லுயிரியல் சொற்களுக்குத் தமிழில் சிறு விளக்கக் குறிப்புகள் எழுதி வருகிறேன். அகர வரிசையில் டைமெட்ரோடானுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. முதுகெலும்பின் மேல்முட்கள் நீண்டுயர்ந்து, பாய் விரித்த படகைப்போல் தோற்றம் தரும் இந்த விலங்கைப் பொம்மைப் பெட்டிகளில் டைனோசர்களோடு சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். அது தவறு என்பதில் இங்குள்ள எவருக்கும் ஐயம் இராது. எட்வர்ட் டிரிங்கர் கோப் 1878 இல் பெயரிட்ட இந்தப் பேரினம் ஏறத்தாழ 29 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து, 27 கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்தது. முதல் டைனோசர்கள் தலைகாட்டுவதற்கு அதன்பின் இன்னும் நான்கு கோடி ஆண்டுகள் கிடந்தன.

என் இடர்ப்பாடு அடுத்த வரியில் இருக்கிறது. ‘டைனோசர் அன்று’ என்று எழுதியபின், ‘பின் என்ன?’ என்ற கேள்விக்கு விடை எழுத வேண்டும். ‘பாலூட்டி போன்ற ஊர்வன’ என்பதே நெடுங்காலமாக வழங்கிவரும் தொடர். இப்போது வெளிவரும் ஆய்வுக் கட்டுரைகளில் அந்தத் தொடரைக் காண்பதரிது. அதை விட்டுவிட்டால் தமிழில் எந்தச் சொல்லை வைப்பது? பெயரை மட்டும் மாற்றினால் போதுமா, விளக்கத்தையே மாற்றி எழுத வேண்டுமா?

செம்பாறை

விளக்கத்தையே மாற்றி எழுத வேண்டும். டைமெட்ரோடான் ஊர்வனவற்றைச் சேர்ந்ததன்று.

நிலத்தில் முட்டையிடும் ஆற்றலை அடைந்த முதுகெலும்பிகள், கார்பனிஃபெரஸ் காலத்தில், ஏறத்தாழ 32 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இரண்டு கிளைகளாகப் பிரிந்துவிட்டன. ஒரு கிளையிலிருந்து ஆமை, பல்லி, பாம்பு, முதலை, டைனோசர், பறவை ஆகிய அனைத்தும் வந்தன. மற்றக் கிளை சினாப்சிடுகள்; அதிலிருந்து வந்து இன்று எஞ்சியிருப்பவை பாலூட்டிகள் மட்டுமே. ஆகவே பாலூட்டிகளின் முன்னோர் எந்தக் கட்டத்திலும் இன்று நாம் ஊர்வன என்றழைக்கும் கிளைக்குள் இருந்ததில்லை. டைமெட்ரோடான் இரண்டாவது கிளையில் நிற்கிறது; எனவே அது பல்லிக்கோ டைனோசருக்கோ உறவாவதைவிட, இந்த வரிகளைப் படிக்கும் உங்களுக்கு நெருங்கிய உறவு.

இந்தப் பிரிவு எவ்வளவு பழையது என்பதற்குச் சான்றாக நிற்பது ஆர்க்கியோதைரிஸ். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், நின்ற நிலையிலேயே புதையுண்ட பழங்கால மரத்தண்டுகளின் உட்பொந்தில் படிந்த வண்டலிலிருந்து அதன் எலும்புகள் கிடைத்தன. (இழையைத் தொடங்கியவரின் புனைபெயருக்கு இதைவிடப் பொருத்தமான விலங்கு கிடைப்பது கடினம்.) ராபர்ட் ரைஸ் 1972 இல் விவரித்த அந்த விலங்கு 30 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. தோற்றத்தில் அது வெறும் பல்லிதான். ஆயினும் கண்குழிக்குப் பின்னால், மண்டையோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் கீழ்ப்புறமாக ஒரே ஒரு துளை இருந்தது. அந்தத் துளைதான் சினாப்சிடுகளின் அடையாளம்.

அது நம்மிடமும் இருக்கிறது. நெற்றிப்பொட்டில் விரலை வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள். விரலுக்கடியில் புடைக்கும் தசை, கன்ன எலும்பின் வளைவுக்கு உட்புறமாக இறங்கிக் கீழ்த்தாடையைப் பற்றுகிறது. அந்த வளைவுக்கும் மண்டைக்கும் இடையில் உள்ள வெளி, ஆர்க்கியோதைரிஸின் சிறு துளை முப்பது கோடி ஆண்டுகளில் விரிந்து விரிந்து அடைந்த வடிவம்.

பழையஏடு

செம்பாறை சொன்னதில் பிழையில்லை. எனினும் பழைய தொடரை முட்டாள்தனம் என்று ஒதுக்கும் தொனி எனக்கு உடன்பாடன்று; அது எப்படிப் பிறந்தது என்பதையும் குறித்துவைப்பது நல்லது.

தென்னாப்பிரிக்காவின் காரூ பகுதியில் சாலை அமைத்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ கெடிஸ் பெய்ன் அனுப்பிய எலும்புகளைப் பார்த்து, ரிச்சர்ட் ஓவன் 1845 இல் டைசினோடான் என்று பெயரிட்டார். ‘இரு நாய்ப்பல்’ என்பது பெயரின் பொருள். ஆமையின் அலகும் பாலூட்டியின் தந்தமும் ஒரே மண்டையில் இருந்தால், அக்காலத்து அறிஞர் எந்தப் பெட்டியில் அதை வைப்பார்? செதில், ஓடு, அலகு எல்லாவற்றுக்கும் இடங்கொடுத்த ஊர்வனப் பெட்டியில்தான். வட அமெரிக்காவிலும் அதே கதைதான். பிரின்ஸ் எட்வர்ட் தீவில் கிடைத்த ஒரு தாடைத் துண்டுக்கு 1854 இல் ஜோசஃப் லைடி பாத்திக்னாதஸ் என்று பெயரிட்டார். நெடுங்காலம் டைனோசர் என்று கருதப்பட்ட அந்தத் துண்டு டைமெட்ரோடானுடையது என்பது 2015 இல்தான் உறுதியாயிற்று.

‘சினாப்சிடா’ என்ற பெயரைப் படைத்த ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்போர்ன்கூட 1903 இல் அதற்குள் ஆமைகளையும் சேர்த்திருந்தார் என்பதை மறக்க வேண்டாம். இன்று நாம் தூய்மையான கிளைப்பெயராகப் பயன்படுத்தும் சொல், பிறக்கும்போது அப்படிப் பிறக்கவில்லை. பாலூட்டிகளுக்கு இன்னும் நெருங்கிய சினாப்சிடுகளுக்கு ராபர்ட் புரூம் 1905 இல் தெராப்சிடா என்ற பெயரை வைத்தபோதும் அது ஊர்வனவற்றின் ஒரு வரிசையாகவே எண்ணப்பட்டது.

என் கருத்து இதுதான்: ‘ஊர்வன’ என்பது குலப்பெயராக அல்லாமல் நிலைப்பெயராக வழங்கிவந்தது. ‘மாணவர்’ என்ற சொல் ஒரு குடும்பத்தைக் குறிப்பதில்லை, ஒரு பருவத்தைக் குறிக்கிறது. அதுபோல் ஊர்வன என்றால் நிலத்தில் முட்டையிட்டு, கால்களைப் பக்கவாட்டில் பரப்பி, குறைந்த வளர்சிதை மாற்றத்தோடு வாழும் ஒரு படிநிலை. அந்தப் பொருளில் டைமெட்ரோடானை ஊர்வன என்று சொல்வதில் என்ன கேடு?

செம்பாறை

கேடு இருக்கிறது. நிலைப்பெயரைக் குலப்பெயர்ப் பட்டியலில் வைத்தால், படிப்பவர் அதைக் குலப்பெயராகத்தான் படிப்பார். ‘ஊர்வனவற்றிலிருந்து பாலூட்டிகள் தோன்றின’ என்ற வரியைக் கேட்டவுடன், ஏதோ ஒரு பல்லி மெல்ல மெல்ல முடி முளைத்து எலியாயிற்று என்ற படம் மனத்தில் விழுகிறது. அந்தப் படத்தை அழிப்பதற்குப் பின்னர் பத்துப் பக்கம் எழுத வேண்டியிருக்கிறது. வில்லி ஹென்னிக்கின் கிளைவழி வகைப்பாட்டு முறை 1966 இல் ஆங்கிலத்தில் வெளிவந்து பரவியதும், ஒரு மூதாதையையும் அதன் வழிவந்த அனைத்தையும் சேர்த்தே ஒரு பெயர் குறிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்ததும் இதனால்தான்.

வினாக்குறி

இடையில் புகுந்து கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். டைமெட்ரோடான் நமக்கு நெருங்கிய உறவு என்றால், அது நம் மூதாதை என்று பொருளா? பல இடங்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

செம்பாறை

இல்லை. அது நமக்குப் பாட்டன் முறையன்று, பங்காளி முறை. ஒரே முன்னோரிடமிருந்து பிரிந்து, தன் வழியில் சென்று, தன்னோடு முடிந்துபோன கிளை அது.

டைமெட்ரோடான் வாழ்ந்த பெர்மியன் காலத்தின் தொடக்கத்தில் இத்தகைய பங்காளிகள் பலர் இருந்தார்கள். பீப்பாய்போல் உடலும் அதற்குச் சற்றும் பொருந்தாத சின்னஞ்சிறு தலையும் கொண்ட கோட்டிலோரிங்கஸ், இலைதழை தின்று வாழ்ந்தது. எடாஃபோசாரஸும் தாவர உண்ணியே. அதன் முதுகிலும் பாய் இருந்தது. ஆனால் அதன் முட்களில் குறுக்குக் குமிழ்கள் இருந்தமையால், டைமெட்ரோடானின் பாயும் அதன் பாயும் தனித்தனியே தோன்றியவை என்று கருதுகிறோம். முதுகில் பாய் என்பது அவ்வளவு விரைவாக மறையவேண்டிய கண்டுபிடிப்பா என்று நான் அடிக்கடி வியப்பதுண்டு. இந்தப் பழைய கூட்டம் முழுவதற்கும் கோப் வைத்த பெயர் பெலிக்கோசார். அதை இப்போது முறையான குழுவாகக் கொள்வதில்லை; ஏனெனில் அதன் ஓர் உட்கிளையிலிருந்தே தெராப்சிடுகள் வந்திருக்க, அவற்றை மட்டும் வெளியே நிறுத்தி மிச்சத்துக்கு வைத்த பெயர் அது. டைமெட்ரோடானின் குடும்பமாகிய ஸ்பெனகோடான்ட் கூட்டம்தான் தெராப்சிடுகளுக்கு மிக அருகில் நிற்கிறது.

தெராப்சிடுகளில் கனத்த மண்டையோடு கொண்ட டைனோசெஃபாலியர்கள், அலகுடைய டைசினோடான்டுகள், வாள்போன்ற கோரைப்பல் கொண்ட கோர்கனாப்சியர்கள், தெரோசெஃபாலியர்கள், சைனோடான்டுகள் எனப் பல பிரிவுகள் உண்டு. ஏறத்தாழ 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் இறுதியில் நேர்ந்த பேரழிவு இவற்றில் பெரும்பாலானவற்றை வாரிக்கொண்டு போயிற்று. தப்பியவற்றில் டைசினோடான்டான லிஸ்ட்ரோசாரஸ், பெர்மியனை அடுத்து வந்த டிரயாசிக் காலத்தின் தொடக்கத்தில் வியக்கத்தக்க அளவில் பெருகியது. தென்னாப்பிரிக்கா, இந்தியா, சீனா ஆகிய இடங்களில் அறியப்பட்ட அதே விலங்கை 1969 இல் எட்வின் கோல்பர்ட்டின் குழு அண்டார்க்டிகாவில் கண்டபோது, கண்டங்கள் ஒன்றாய் இருந்து பிரிந்தன என்ற வாதத்துக்கு அது வலுவான சான்றாயிற்று. டைசினோடான்டுகள் அத்தோடு ஓய்ந்துவிடவுமில்லை. போலந்தில் கிடைத்த லிசோவிசியா, டிரயாசிக் காலத்தின் பிற்பகுதியில் யானையளவுக்கு வளர்ந்து டைனோசர்களோடு ஒரே நிலத்தில் மேய்ந்தது.

இவ்வளவு பேரில் இன்றுவரை வழி தொடர்ந்தது சைனோடான்டுகளுக்கு மட்டுமே; பாலூட்டிகள் அவற்றின் வழிவந்தவை.

தாடைமூட்டு

வகைப்பாட்டைப் பற்றிப் பேசுகிறோம். அந்த வகைப்பாடு எந்த எலும்பின்மேல் நிற்கிறது என்பதை இன்னும் யாரும் தொடவில்லை. என் பெயரே அதுவாதலால் நான் தொடுகிறேன். சற்று நீளும்.

ஊர்வனவற்றின் கீழ்த்தாடை பல எலும்புகளால் ஆனது. பல்லைத் தாங்கும் டென்டரி முன்னால் இருக்கும்; அதன் பின்னால் ஆங்குலார், ஆர்ட்டிகுலார் முதலிய எலும்புகள் வரிசையாகப் பொருந்தியிருக்கும். ஆர்ட்டிகுலார், மண்டையோட்டின் குவாட்ரேட் எலும்போடு சேருமிடமே தாடை மூட்டு. பாலூட்டியின் கீழ்த்தாடையில் டென்டரி ஒன்றே ஒன்றுதான்; அது மண்டையின் ஸ்குவாமோசல் எலும்போடு நேரே மூட்டுகிறது. அப்படியானால் மற்ற எலும்புகள் எங்கே போயின? காதுக்குள். ஆர்ட்டிகுலார் சுத்தியெலும்பாகவும், குவாட்ரேட் பட்டடை எலும்பாகவும், ஆங்குலார் செவிப்பறையைத் தாங்கும் வளையமாகவும் மாறின. அங்கவடி எலும்பு மட்டுமே பழைய காலத்திலிருந்து காதில் இருந்தது.

இதை முதலில் சொன்னது புதைபடிவம் அன்று என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கார்ல் ரைக்கெர்ட் 1837 இல் பன்றி முதலிய விலங்குகளின் கருக்களை அறுத்துப் பார்த்து, சுத்தியெலும்பும் பட்டடை எலும்பும் தாடைக் குருத்தெலும்பிலிருந்தே உருவாகின்றன என்று கண்டார். டார்வினின் நூல் வெளிவர அப்போது இன்னும் 22 ஆண்டுகள் இருந்தன. கருவில் கண்டது பாறையிலும் இருக்கிறதா என்று தேடும் வேலை பின்னால் வந்தவர்களுக்கு மிஞ்சியது.

பாறையிலும் அது இருந்தது. டைமெட்ரோடானின் ஆங்குலார் எலும்பிலேயே, பின்னாளில் செவிப்பறை வளையமாகப்போகும் மடல் ஒன்று தெரிகிறது. டிரயாசிக் தொடக்கத்தில் வாழ்ந்த திரினாக்சோடானில் டென்டரி பெருத்துத் தாடையின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ள, பின்னெலும்புகள் மெலிந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ‘ஒரு விலங்கு தாடை மூட்டை மாற்றும் இடைக்காலத்தில் எதைக்கொண்டு மென்றது?’ என்பது இந்தக் கருத்தை ஏற்காதவர்கள் எழுப்பிய வலுவான கேள்வி. அதற்கு விடையாக வந்தது தென்னாப்பிரிக்காவின் டயார்த்ரோக்னாதஸ். அதன் பெயரே ‘இரு மூட்டுத் தாடை’. பழைய மூட்டும் புதிய மூட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, இரண்டும் வேலை செய்தன. பாலூட்டிகளுக்கு மிக நெருங்கிய சிறு விலங்கான மார்கனுகோடானிலும் அப்படியே. புதிய தூண் நட்டபின் பழைய தூணை எடுப்பதுபோல் மாற்றம் நடந்திருக்கிறது. கூரை எந்த நாளிலும் ஆதாரமின்றி நிற்கவில்லை.

சீனாவின் பழங்காலப் பாலூட்டியான லியாவோகோனோடான், 2011 இல் விவரிக்கப்பட்டது, இன்னும் ஒரு படியைக் காட்டியது. அதன் காதெலும்புகள் தாடை மூட்டு வேலையிலிருந்து விடுபட்டுவிட்டன. ஆனால் கருவில் தாடைக்கு அடிப்படையாகும் மெக்கெல் குருத்தெலும்பு எலும்பாக இறுகி, அவற்றை இன்னும் தாடையோடு பிணைத்திருந்தது. இன்றும் பிறந்த கங்காருக் குட்டியின் காதெலும்புகள் தாடையோடு ஒட்டியே இருந்து பின்னர் பிரிகின்றன.

பழையஏடு

தாடைமூட்டின் பதிவுக்கு நன்றி. அதையே பிடித்துக்கொண்டு கேட்கிறேன். டென்டரி–ஸ்குவாமோசல் மூட்டு வந்தால் பாலூட்டி என்பது என் தலைமுறை கற்ற வரையறை. எலும்பில் பார்க்கக்கூடியது, கையில் எடுத்துக் காட்டக்கூடியது. அந்த வரையறையின்படி, வால்டர் கியூனெ 1949 இல் வேல்ஸ் நாட்டுப் பாறையிடுக்கிலிருந்து பெயரிட்ட மார்கனுகோடான் பாலூட்டி. ஆனால் 1988 இல் திமோத்தி ரோவ், இன்று உயிரோடிருக்கும் பாலூட்டிகளின் கடைசிப் பொது மூதாதையும் அதன் வழிவந்தவையும் மட்டுமே பாலூட்டிகள் என்று எல்லையை உள்ளே நகர்த்தினார். ஒரே இரவில் மார்கனுகோடான் பாலூட்டி என்ற பட்டத்தை இழந்து ‘பாலூட்டி வடிவின’ என்ற வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. எலும்பில் ஒரு மாற்றமும் இல்லை. மாறியது நம் கோடு மட்டுமே. ஊர்வன என்ற சொல்லைக் கழித்துக்கட்டியபோது ‘இயற்கை உறவு’ என்று வாதிட்டவர்கள், இங்கே கோட்டை வேண்டிய இடத்தில் போடுவது எப்படி?

செம்பாறை

நியாயமான கேள்வி. இரண்டும் ஒரே வகைக் கோடு அல்ல என்பதே என் விடை. ‘டைமெட்ரோடான் எந்தக் கிளையில் இருக்கிறது?’ என்பது உலகத்தைப் பற்றிய கேள்வி. சரி, தவறு உண்டு. ‘அந்தக் கிளையில் எந்தக் கணுவிலிருந்து பாலூட்டி என்ற பெயரைத் தொடங்குவது?’ என்பது பெயரிடலைப் பற்றிய கேள்வி. வசதி, வசதியின்மை மட்டுமே உண்டு. எலும்புக்கூறு ஒன்றைக் கோடாகக் கொண்டால், அதே கூறு இருமுறை தோன்றிவிட்டால் என்ன செய்வது என்ற தொல்லை வரும். 1959 இல் ஜார்ஜ் கேலார்ட் சிம்ப்சன், பாலூட்டி நிலையைப் பல கால்வழிகள் தனித்தனியே எட்டியிருக்கலாம் என்று எழுதியது இந்தத் தொல்லையைக் கண்டுதான். உயிருள்ளவற்றை வைத்துக் கோடு போட்டால் அந்தத் தொல்லை இல்லை. மாற்றாக, மார்கனுகோடானையும் அதைப் போன்ற சினோகோனோடானையும் உள்ளே வைத்துப் பழைய எல்லையைக் காக்கும் ஆய்வாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களை நான் தவறு என்று சொல்லமாட்டேன்.

தாடைமூட்டு

உயிருள்ளவற்றை வைத்துக் கோடு போட்டால் தொல்லையே இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன்; தொல்லை இடம் மாறுகிறது, அவ்வளவே. ஹராமியிடுகளைப் பாருங்கள். 19 ஆம் நூற்றாண்டிலிருந்து தனிப் பற்களாக மட்டுமே அறியப்பட்ட கூட்டம் அது. 1997 இல் கிரீன்லாந்திலிருந்து ஹராமியாவியாவின் தாடை வந்தது. 2013 இல் சீனாவின், டிரயாசிக்கை அடுத்த ஜுராசிக் காலப் பாறைகளிலிருந்து இரண்டு எலும்புக்கூடுகள், ஒரே ஆய்விதழின் ஒரே வெளியீட்டில், இரு வேறு குழுக்களால் விவரிக்கப்பட்டன. ஆர்போரோஹராமியாவை விவரித்தவர்கள், ஹராமியிடுகள் பாலூட்டிகளுக்குள்ளே இருக்கின்றன என்றார்கள். மெகாகோனஸை விவரித்தவர்கள், அதன் தாடையில் பழைய எலும்புகளுக்கான பள்ளம் இருப்பதைக் காட்டி, அவை வெளியே நிற்கின்றன என்றார்கள். முதல் தரப்பு சரியென்றால் பாலூட்டிகள் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, டிரயாசிக் காலத்திலேயே தோன்றிவிட்டன. இரண்டாம் தரப்பு சரியென்றால் ஜுராசிக் வரை காத்திருக்கலாம். ஒரு கூட்டத்தின் இருப்பிடம், வகுப்பு முழுவதன் வயதையே கோடிக்கணக்கான ஆண்டுகள் தள்ளிப்போடுகிறது.

காதெலும்புகள் தாடையிலிருந்து பிரிந்ததும் ஒருமுறை மட்டும் நடந்ததாகத் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவின் டைனோலோபாஸ், முட்டையிடும் பாலூட்டியான பிளாட்டிபஸின் பழங்கால உறவு. அதன் தாடையில் பின்னெலும்புகளுக்கான இடம் இன்னும் இருந்தது என்று 2005 இல் வாதிட்டார்கள். அது சரியானால், முட்டையிடும் பாலூட்டிகளும் மற்றவையும் இந்த வேலையைத் தனித்தனியே செய்து முடித்திருக்கின்றன.

வினாக்குறி

எலும்பைப் பற்றியே பேசுகிறீர்கள். பாலூட்டி என்றால் பால் ஊட்டுவது. பால், முடி, வெப்ப இரத்தம் இவை எப்போது வந்தன என்று தெரியாமல் எல்லையைப் பற்றிப் பேசுவதில் பொருள் உண்டா?

தாடைமூட்டு

பால் கல்லாவதில்லை என்பதுதான் சிக்கல். ஆயினும் சுற்றிவளைத்து அணுகும் வழிகள் உண்டு.

பிளாட்டிபஸ் முட்டையிட்டுப் பாலும் தருகிறது. முட்டைக் கருவின் உணவுக்கான விட்டெல்லோஜெனின் மரபணுக்களில் வேலை செய்யும் ஒன்று அதனிடம் இன்னும் இருப்பதை 2008 இல் வெளியான ஆய்வு காட்டியது. மற்றப் பாலூட்டிகளில் அவை சிதைந்த நிலையில் கிடக்கின்றன. பால் புரதங்களின் மரபணுக்களோ எல்லாப் பாலூட்டிகளுக்கும் பொதுவானவை. ஆகவே பால் முன்னே வந்தது, முட்டை உணவு பின்னே போயிற்று. மெல்லிய தோல் போன்ற ஓடுடைய முட்டைகள் காய்ந்துவிடாமல் நனைக்கத் தோலிலிருந்து சுரந்த ஈரமே பாலின் தொடக்கம் என்பது ஓலாவ் ஆஃப்டெடாலின் கருத்து.

வெப்ப இரத்தத்தைப் பற்றி ஒன்றுக்கொன்று இழுக்கும் சான்றுகள் இருக்கின்றன. உட்காதின் அரைவட்டக் குழாய்களின் அளவை வைத்து, உயர்ந்த உடல் வெப்பம் 23 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன், டிரயாசிக் பிற்பகுதியில், விரைவாகத் தோன்றியது என்று 2022 இல் ஒரு குழு கணித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, மார்கனுகோடானின் பல்வேரில் மர வளையம்போல் படிந்த சிமென்டம் அடுக்குகளை எண்ணியவர்கள், அது 14 ஆண்டுகள்வரை வாழ்ந்தது என்றார்கள். அந்த அளவுள்ள இன்றைய எலி வகை ஒன்றிரண்டு ஆண்டுகளில் முடிந்துவிடும். மெல்ல எரியும் விளக்குதான் நெடுநேரம் எரியும். எனவே, வெப்பம் ஒரே தாவலில் வந்திராது என்பதே என் மதிப்பீடு.

இனப்பெருக்கத்திலும் இந்தக் கலவையைக் காணலாம். அரிசோனாவின் ஜுராசிக் பாறையில், பாலூட்டிகளுக்கு மிக நெருங்கிய சைனோடான்டான கயென்டாதீரியம் ஒன்று, குறைந்தது 38 குஞ்சுகளோடு கிடைத்ததை 2018 இல் அறிவித்தார்கள். இன்றைய எந்தப் பாலூட்டியும் ஒரே ஈற்றில் சராசரியாக அத்தனை ஈனுவதில்லை. குஞ்சுகளின் மண்டை, தாயின் மண்டையைச் சிறிதாக்கி வைத்தது போலவே இருந்தது, மூளை பெருக்கவில்லை. அதே ஜுராசிக் தொடக்கத்தில், சீனாவின் யுன்னானில், மண்டையோடு 12 மில்லிமீட்டர் மட்டுமே உள்ள ஹாட்ரோகோடியம் பெருத்த மூளையோடு வாழ்ந்தது. பாலூட்டிப் பண்புகள் ஒரு மூட்டையாகக் கட்டி வந்தவையல்ல. ஒவ்வொன்றும் தனித்தனி நாளில், தனித்தனி வழியில் வந்து சேர்ந்தவை.

கல்மரம்

இவ்வளவு செய்திகள் வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. சொல்லுக்கு வருகிறேன்.

தமிழில் ‘ஊர்வன’ என்பது ஊர்தல் என்ற நடையிலிருந்து வந்த பெயர். பாம்புக்கு அது முழுமையாகப் பொருந்தும், டைனோசருக்குச் சற்றும் பொருந்தாது. நடையை வைத்த பெயர், குலத்தைச் சுமக்க முடியாமல் தடுமாறுகிறது. எனவே சினாப்சிடுகளுக்கு அதை விட்டுவிடலாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன்.

மாற்றாக மூன்று சொற்களை எழுதிப் பார்த்தேன். ‘தொல்பாலூட்டி’ காதுக்கு இனியது. ஆனால் மம்மத்தையும் அப்படித்தான் சொல்வோம், அதனால் குழப்பும். ‘தண்டுப் பாலூட்டி’ என்பது, மரத்தின் உச்சியில் உயிரோடிருக்கும் மகுடக் குழுவுக்குக் கீழே தண்டில் கிளைத்தவை என்ற துல்லியமான பொருள் தரும். ஆனால் அதுவும் அவற்றைப் பாலூட்டி என்றே அழைக்கிறது. ‘பாலூட்டிக் கால்வழியினர்’ என்பது மூன்றாவது.

பழையஏடு

கால்வழி என்பது கீழ்நோக்கிச் செல்லும் சொல். ஒருவரின் கால்வழி என்றால் அவருக்குப் பின் வந்தவர்கள். பாலூட்டிகளுக்குப் பின் வந்தவை என்று பொருள்பட்டுவிடும், தலைகீழாகும்.

‘சினாப்சிடு’ என்றே எழுதிவிட்டு முதல் வரியில் விளக்கிவிடுங்கள். டைனோசர் என்ற சொல்லைக் குழந்தைகள்கூட மொழிபெயர்ப்பின்றிச் சொல்லவில்லையா? ஊர்வன என்ற சொல்லுக்காக நான் இனி வழக்காடப்போவதில்லை. செம்பாறையின் இருவகைக் கேள்விகள் என்ற பிரிப்பு என்னை மாற்றிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன். உடும்பு போன்ற மெலிந்த உடல் கொண்ட வாரனாப்பிடுகளைச் சினாப்சிடுகளாகவே எல்லாரும் படித்துவந்தோம். 2020 இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, அவை ஊர்வனக் கிளையைச் சேர்ந்தவையாக இருக்கலாம் என்று காட்டியது. துளை ஒன்றே குலத்துக்குச் சான்றாகாது. ஆகவே ‘ஒரு துளை இருந்தால் சினாப்சிடு’ என்று மட்டும் வரையறை எழுதிவிடாதீர்கள்.

கல்மரம்

ஏற்றுக்கொண்டேன். குறிப்பின் வரைவு இதோ:

‘டைமெட்ரோடான்: பெர்மியன் காலத் தொடக்கத்தில் வாழ்ந்த, முதுகில் பாய் போன்ற அமைப்புடைய ஊனுண்ணி. டைனோசரும் அன்று, ஊர்வனவும் அன்று. பாலூட்டிகள் தோன்றிய கிளையாகிய சினாப்சிடுகளைச் சேர்ந்தது. தெராப்சிடுகளுக்கு நெருங்கிய உறவுடையது. கண்குழிக்குப் பின்னுள்ள ஒற்றைத் துளையும், கீழ்த்தாடையின் ஆங்குலார் எலும்பில் உள்ள மடலும், இன்றைய பாலூட்டிகளில் கன்ன வளைவுக்கு உட்புற வெளியாகவும் செவிப்பறை வளையமாகவும் தொடர்கின்றன. நம் மூதாதையரில் ஒன்று.’

வினாக்குறி

கடைசி வரி?

கல்மரம்

பழக்கத்தில் கை எழுதிவிட்டது. ‘நம் மூதாதையின் பங்காளி’ என்று திருத்திவிட்டேன்.